எண்களிலிருந்து நாதத்திற்கு

குறுந்தகட்டில் சங்கீதம் நாதமாக இருப்பதில்லை. விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் (அதாவது 16 பிட்) ஒன்றாகக் குறித்து வைத்த எண்வரிசையாகவே இருக்கிறது. அவ்வெண்களை மின்னலையாக மாற்றி ஆம்பிளிஃபயருக்கு அளிப்பதே டி.ஏ.சி. என்னும் கருவியின் காரியம்.

1982-இல் ஸோனியும் பிலிப்ஸும் குறுந்தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பிலிப்ஸ் பொறியாளர்கள் 14 பிட் டி.ஏ.சி. சில்லைக் கொண்டே, மாதிரி வேகத்தை நான்கு மடங்காக்கி, இரைச்சலின் பெரும்பகுதியைச் செவிக்கெட்டாத ஸ்தாயிக்குத் தள்ளி, 16 பிட்டுக்கு நிகரான நயத்தை வரவழைத்த சாமர்த்தியம் என்றும் வியக்கத்தக்கது. இன்றைய சில்லுகள் பலவற்றில் அந்த உபாயமே பன்மடங்கு விருத்தியடைந்து தொடர்கிறது.

ஆகவே, இன்று மலிவான சில்லுகூட மிகத் துல்லியமானதே. பேதம் பெரும்பாலும் அதைச் சூழ்ந்த மின்வழங்கியிலும் வெளியீட்டுச் சுற்றிலும் உண்டாகிறது. மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கம்பியிழுத்துக் கேட்பவர், பியானோவின் ஒரு ஸ்வரம் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கும் தறுவாயில் காதைக் கூர்மையாக்கட்டும்: ‘உஸ்’ஸென்ற இரைச்சலும், மௌஸ் நகரும்போதெல்லாம் ஒரு கரகரப்பும் கேட்குமானால், தனி டி.ஏ.சி. வாங்குவது பெரும்பாலும் பயன் தரும்.

மடிக்கணினியின் துளையையும் தனி டி.ஏ.சி.யையும் ஒப்பிடும்போது இரண்டின் சப்த அளவையும் மீட்டர் வைத்துச் சமப்படுத்துவது அவசியம்; சற்றே உரக்க ஒலிப்பது பெரும்பாலும் உயர்ந்ததாகவே தோன்றும். முன்பே நல்ல டி.ஏ.சி. வைத்திருப்பவர்கள், அருள்கூர்ந்து, அடுத்த பணத்தை ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள்.