வீடு மாற்றும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

வீடு மாற்றும் நிறுவனம் என்பது குடிபெயர்வோரின் வீட்டுப் பொருட்களைக் கட்டி, ஏற்றி, புதிய வீட்டில் இறக்கித் தரும் நிறுவனமாகும். குறைந்த வாடகையை மட்டும் பார்த்து அமர்த்தினால், பொருள் சேதமானால் காட்ட ஆதாரம் இருக்காது.

பதிவும் ரசீதும்

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007இன்படி, பொதுவாகச் சரக்கேற்றும் நிறுவனங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். சரக்கு ரசீதும் தர வேண்டும். கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்தை ஒப்புக்கொள்ளாவிட்டால், இழப்பீடு வாடகையின் 10 மடங்கைத் தாண்டாது. அதாவது, ரூ. 8,000 வாடகைக்கு உச்சவரம்பு ரூ. 80,000. பொருட்பட்டியலில் அறிவித்த மதிப்பையும் அது மீறாது. ஆகவே பட்டியலில் ஒவ்வொரு பொருளின் மதிப்பையும் எழுதுவது அவசியம். விலையுயர்ந்த பொருட்களுக்குப் போக்குவரத்துக் காப்பீடு எடுப்பது நல்லது.

காத்திவாக்கத்தில்

சென்னை மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலத்திலுள்ள இப்பகுதியில், துறைமுகக் கன்டெய்னர் லாரிகளால் எண்ணூர் விரைவுச் சாலையில் நெரிசல் மிகும். காத்திருப்புக் கட்டணம் உண்டா, பெரிய லாரி தெருவுக்குள் நுழையாவிட்டால் ‘குட்டியானை’ வண்டிச் செலவு யாருடையது என்பவற்றை முன்பணம் தருமுன் எழுதி வாங்க வேண்டும்.

இழப்பு நேர்ந்தால்

சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் அறிவிக்காவிட்டால் வழக்குத் தொடர முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.