உங்களுக்குத் தெரியுமா? கம்பெனி திவாலானால் சம்பள பாக்கி என்னாகும்?

எர்ணாவூர், எண்ணூர் வட்டாரத்தில் ஒரு கம்பெனி திவாலானால் வழக்கு எங்கே போகும்? ராஜாஜி சாலையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு.

● 2016-ஆம் ஆண்டு திவால் சட்டப்படி, வழக்கு ஏற்கப்பட்டதும் இடைக்கால நிர்வாகி ஒருவர் நியமிக்கப்படுவார். அவர் 3 நாள்களுக்குள் ஆங்கில நாளிதழிலும் வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். பாக்கி கேட்போர் படிவம் தர 14 நாள் கெடு அதிலிருக்கும்.

● தொழிலாளர்களுக்குத் தனிப் படிவம் உண்டு: ‘படிவம் டி’. எல்லோருக்கும் சேர்த்து ஒரு பிரதிநிதியே ‘படிவம் இ’ கொடுக்கலாம்.

● தொழிற்சங்கமே திவால் வழக்குத் தொடரலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2020 மார்ச் முதல், பாக்கி குறைந்தது 1 கோடி ரூபாய் இருக்க வேண்டும்.

● கம்பெனி கலைக்கப்பட்டால், அதற்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கிக்கு, ஈடு வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகளுக்குச் சமமான முன்னுரிமை உண்டு.

● வைப்பு நிதி, பணிக்கொடை நிதி, ஓய்வூதிய நிதி ஆகியவற்றிலிருந்து தொழிலாளிக்குச் சேர வேண்டிய பணம், கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடும் சொத்தில் சேராது.

சம்பளச் சீட்டையும் வேலை நியமனக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். பாக்கியை நிரூபிக்க அவைதான் கைகொடுக்கும்.