மஞ்சள் விளக்கு எரிந்ததும் கடைக்கு ஓடாதீர்கள்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு ஏறி, அங்கிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் பாதையில் கெப் வண்டி ஓட்டுகிறவர்கள் ஏமாறும் விதம் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கிறது. டாஷ்போர்டில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். யாரோ ஸ்கேன் கருவியை மாட்டிப் பார்த்து, "சென்சர் போயிருச்சு" என்பார். அன்று மாலையே டவுனுக்குப் போய் ஒரு சென்சர் வாங்குவார்கள். பில் கேட்க மாட்டார்கள். புதியதை மாட்டியும் விளக்கு அணையாது. மறுவாரம் இன்னொரு சென்சர். அதுவும் சரிவராவிட்டால் விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவார்கள். மரக்கறி மூட்டையும் பின்னால் ஆட்களுமாக அந்த வண்டி மறுபடி வளைவுகளில் இறங்கும்.

சென்சரை நாமே மாற்றுவதில் தவறில்லை. இரண்டு மூன்று சாவிகளோடு வீட்டு முற்றத்திலேயே முடிகிற வேலை அது. சோதிக்காமல் வாங்குவதும், பில் இல்லாமல் காசைக் கொடுப்பதும், ஏமாந்த பிறகு வாய் மூடி இருப்பதும்தான் தவறு. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க பழைய வண்டிகளையே ஓட்டித் தீர்த்தோம். உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. பெட்டியில் நல்ல பெயரும் உள்ளே மட்டமான சரக்குமாக விற்பவர்களுக்கும் வசதியாகப் போயிற்று.

கோட் என்ன சொல்கிறது?

ஸ்கேன் கருவி காட்டும் கோட், கோளாறு எந்த மின்சுற்றில் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எந்தப் பொருளை வாங்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. உதாரணத்துக்கு பி0118. இஞ்சின் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சரின் சுற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் நிற்கிறது என்பதுதான் அதன் பொருள். சென்சர் உள்ளே அறுந்திருந்தாலும் இந்தக் கோட் வரும். வயரை எலி கடித்திருந்தாலும் வரும். கனெக்டர் கழன்று கிடந்தாலும் வரும். நம் பக்கத்துப் பனியும் மழையும் கனெக்டரின் ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். சேர்விஸ் செய்யும்போது இஞ்சினுக்குள் பிரஷர் தண்ணீர் பீய்ச்சுவதும் அதே கேட்டைத்தான் செய்கிறது. ஆகவே முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். வயரைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். பற்றரி முனைகளும் இஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் வயரும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

இரண்டு வயர் உள்ள தண்ணீர்ச் சூட்டுச் சென்சருக்கு நம்பகமான ஒரு சோதனை உண்டு. ஸ்கேன் கருவியில் தண்ணீரின் சூடு காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கனெக்டரைக் கழற்றுங்கள். பெரும்பாலான டொயோட்டா வண்டிகளில் அது -40 பாகை காட்டும். அடுத்து, கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். எண் 140 பாகைக்கு ஏறினால் வயரும் வண்டியின் கணினியும் நன்றாக இருக்கின்றன, பிழை சென்சரில்தான். ஏறாவிட்டால் எத்தனை புதுச் சென்சர் மாட்டினாலும் பயனில்லை, வயரிங் பாஸைத்தான் பார்க்க வேண்டும். மூன்று வயர் உள்ள எந்தச் சென்சரிலும் இப்படி முனைகளை இணைக்கக் கூடாது, கணினியே பழுதாகலாம். மல்டிமீட்டர் இருந்தால் கழற்றிய சென்சரையும் அளந்து பார்க்கலாம். 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 பாகைச் சுடுநீரில் 200 முதல் 400 ஓம் வரையும் காட்டினால் அது நல்ல சென்சர்.

நீங்களே செய்யக்கூடிய வேலை

தண்ணீர்ச் சூட்டுச் சென்சர், எயார் பில்டரை அடுத்துள்ள காற்றளவுச் சென்சர் ஆகிய இரண்டையும் நிதானமுள்ள எவரும் மாற்றலாம். தொடங்குமுன் கோட் இலக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள்; பற்றரியைக் கழற்றினால் அது அழிந்துபோகலாம். இஞ்சின் முழுதாக ஆறட்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் நம்மில் உண்டு. பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சென்சர் மட்டத்துக்குக் கீழே போகும்வரை கூலன்ட்டை ஒரு பாத்திரத்தில் வடித்துக்கொள்ளுங்கள். அதைக் கானிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். அது நஞ்சு, இனிப்பாக இருப்பதால் பிள்ளைகளும் நாய்களும் வாய் வைத்துவிடும். கீழே உள்ள லயத்துக்குக் குடிதண்ணீர் அந்த ஓடையிலிருந்துதான் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

கனெக்டரின் பூட்டை அழுத்தி, கனெக்டரைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். புதுச் சென்சரை அதன் புது வொஷரோடு முதலில் விரலால் திருகி ஏற்றுங்கள். மரை சரியாகப் பிடித்த பிறகுதான் சாவி போட வேண்டும், அதுவும் அளவோடு. காற்றளவுச் சென்சரானால் அதற்குள் இருக்கும் மெல்லிய கம்பியைத் தொடாதீர்கள். எயார் பைப்பால் ஊதாதீர்கள். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் கழுவி உலரவிட்டாலே பல நேரம் வண்டி சரியாகிவிடும். எல்லாம் முடிந்ததும் கூலன்ட்டை மறுபடி நிரப்பி, பற்றரியை மாட்டி, கோட் இலக்கத்தை அழித்து, இஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட விட்டு, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். கோட் திரும்ப வராவிட்டால்தான் வேலை முடிந்தது.

கை வைக்கவே கூடாதவை

டீசல் இஞ்சினின் எரிபொருள் ரெயில் குழாயில் இருக்கும் அழுத்தச் சென்சரை முற்றத்தில் வைத்துக் கழற்றாதீர்கள். இன்றைய கொமன் ரெயில் இஞ்சின்களில் டீசல் 1,600 பாருக்கு மேலான அழுத்தத்துக்கும் ஏறக்கூடும். இஞ்சின் ஓடும்போது கசிகிற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனாலும் அது உடனடிச் சத்திரசிகிச்சை வேண்டிய காயம். களிம்பு பூசிவிட்டு வீட்டில் இருந்தால் விரலே போகும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "டீசல் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். மஞ்சள் கனெக்டர் உள்ள எயார்பேக் வயர்களையும் தொடாதீர்கள்.

விளக்கின் மேல் டேப் ஒட்டுவதையும், சென்சரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதையும் கெட்டித்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சர் கைவிட்டால் ஓடுகிற இஞ்சின் சட்டென்று நின்றுவிடும். இஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் உதவி நின்றுபோகும். கொஸ்லந்தை இறக்கத்தில் பாரத்தோடு அது நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வண்டியில் இருப்பவர்கள் உங்களை நம்பி ஏறியவர்கள்.

டேப் ஒட்டிய வண்டி வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்ளும். பிழையான சென்சர் டீசலைக் கூட்டி ஊற்றவைத்தால் கரும்புகை வரும். புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. அனுமதிப்பத்திரம் இல்லாத வண்டியைப் பொலிஸ் மறித்த பிறகு வருத்தப்பட்டுப் பயன் இல்லை.

பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்

கடைக்குப் போகும்போது கழற்றிய பழைய சென்சரையும் செசி இலக்கத்தையும் கொண்டுபோங்கள். சென்சரின் உடம்பில் பாக இலக்கம் பொறித்திருக்கும். டொயோட்டாவின் தண்ணீர்ச் சூட்டுச் சென்சர் இலக்கம் 89422 என்றும், காற்றளவுச் சென்சர் இலக்கம் 22204 என்றும் தொடங்கும். மிகுதி இலக்கங்களும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது போதாது.

"நம்ம கடைதானே அண்ணே, பில் எதுக்கு?" என்பார்கள். கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. திகதி, கடையின் பெயரும் முகவரியும், பாக இலக்கம், விலை, புதியதா பாவித்ததா, எத்தனை நாள் உத்தரவாதம் ஆகிய அனைத்தும் அதில் எழுதியிருக்க வேண்டும். "சென்சர் 1" என்று மட்டும் எழுதிய துண்டு உங்களைக் காப்பாற்றாது. கராஜில் மாற்றக் கொடுத்தால், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏமாற்றப்பட்டால் எங்கே போவது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் உங்களுக்காக இருக்கிறது. பாவித்த பொருளைப் புதியதென்று விற்பதை அது தடுக்கிறது. பழுதுபார்க்கும் வேலை கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும், அதற்குப் போடும் பாகம் தேவைக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம், ஒருவரும் எழுதிக் கொடுக்காவிட்டாலும் சட்டப்படி உண்டு. முறைப்பாட்டை விசாரித்துப் பிழை கண்டால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பித் தரவோ அதிகார சபை கட்டளையிடலாம்.

ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருள் வாங்கிய அல்லது வேலை செய்வித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று மாதம். "பண்டிகை முடியட்டும், சம்பளம் வரட்டும்" என்று இருந்துதான் நம்மவர்கள் இந்த உரிமையைத் தொலைக்கிறார்கள். வியாபாரியிடம் ஒருமுறை கேளுங்கள். இழுத்தடித்தால் காத்திருக்காமல் எழுதுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை இவை: உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி; கடையின் பெயர், முகவரி; வாங்கிய திகதி, பொருள், விலை; என்ன பிழை; எப்போது கேட்டீர்கள், என்ன பதில் வந்தது; உங்களுக்கு எது வேண்டும், மாற்றுப் பொருளா, காசா. பில், உத்தரவாத அட்டை, ஸ்கேன் படம் ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். மூலப் பில்லைத் தபாலில் அனுப்பாதீர்கள். அதிகார சபையின் தலைமையகம் இல. 27, வொக்ஸ்ஹோல் வீதி, கொழும்பு 02 என்ற முகவரியில் இருக்கிறது. பதுளை மாவட்ட அலுவலகத்திலும் கொடுக்கலாம். தபாலில் அனுப்பினால் பதிவுத்தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். விவரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அழைத்துச் சொன்னதோடு முறைப்பாடு கொடுத்தாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். எந்தக் கவுண்டரிலாவது "சிங்களத்தில் எழுதி வா" என்று சொன்னால் திரும்பி வராதீர்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. தோட்டத்து மக்களை இந்த ஒரு வார்த்தையால் திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் ஓயாதிருப்பது வெட்கக்கேடு. வாங்க மறுக்கும் அதிகாரியின் பெயரையும் பதவியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத அது உதவும்.

இன்றே உங்கள் கெப் வண்டியின் டேப்பைப் பிய்த்து எறியுங்கள். சோதிக்காமல் வாங்காதீர்கள், பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள், ஏமாந்தால் மூன்று மாதம் முடியும் முன் எழுதுங்கள்.