செஞ்சி வெயிலும் நீர்க்கடுப்பும்: நெருஞ்சில், சிறுபீளை எதுக்கு கைகொடுக்கும்? எங்கே கைவிடும்?

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மராட்டியர் காலக் கோட்டைகள் என்ற வகையில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

ராஜகிரி உச்சிக்குப் போக சுமார் 800 அடி ஏறணும். சுற்றிலும் பாறை, மேலே வெயில். தண்ணி குடிக்காம ஏறி இறங்கினா, அன்னைக்கு ராத்திரியே சிறுநீர் மஞ்சளா, எரிச்சலோட போறது பலருக்கும் தெரிஞ்ச அனுபவம்தான். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. மாத்திரை, ஸ்கேன் எதுவும் இல்லாத அந்தக் காலத்தில், தமிழ்நாட்டு மக்கள் இந்தத் தொந்தரவை எப்படி சமாளித்தார்கள்?

வெயில் அடிச்சா ஏன் எரியுது?

வியர்வையில் உடம்பு நீரை இழக்கும்போது, சிறுநீரகம் மிச்சமிருக்கும் தண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுநீர் குறைஞ்சு, அதில் உப்புகளோட செறிவு கூடும். அதனால்தான் எரிச்சல். இதே நிலை அடிக்கடி தொடர்ந்தால், அந்த உப்புகள் படிகமாகி கல்லாகலாம்.

ஒரே நோய்னு நினைக்கல

சித்த மருத்துவம் இதையெல்லாம் ஒரே பேரில் அடக்கவில்லை. எரிச்சலோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் நீர்ச்சுருக்கு. போகாமல் அடைத்துக்கொண்டால் நீரடைப்பு. கல் இருந்தால் கல்லடைப்பு. கல்லடைப்பையும் வாதம், பித்தம், கபம், மூன்றும் சேர்ந்தது என நான்காகப் பிரித்தார்கள்.

மருந்துக்கு முன்னாடி பரிசோதனையும் உண்டு. தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறையில், காலையில் எடுத்த சிறுநீரின் நிறம், மணம், நுரை எல்லாம் பார்ப்பார்கள். பிறகு அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விடுவார்கள். எண்ணெய் பாம்பு போல நீண்டால் வாதம், மோதிரம் போல வட்டமிட்டால் பித்தம், முத்து போல நின்றால் கபம் என்பது கணக்கு.

என்னென்ன மூலிகைகள்?

நெருஞ்சில்: தரையோடு படர்ந்து, மஞ்சள் பூ பூத்து, காலில் குத்தும் முள் காய்க்கும் செடி. காயை இடித்து, தண்ணியில் கொதிக்க வைத்து குடிநீராகக் கொடுப்பார்கள். சிறுநீரைப் பெருக்குவது இதன் வேலை.

யானை நெருஞ்சில்: இது வேறு செடி. இலையோடு இருக்கும் தண்டைப் பச்சைத் தண்ணியில் போட்டு அலசினால், கொஞ்ச நேரத்தில் தண்ணி முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பாகிவிடும். எரிச்சல் தணிய இதைக் குடிப்பார்கள்.

சிறுபீளை: பொங்கலுக்கு வேப்பிலை, ஆவாரம்பூவோடு காப்பு கட்டும் அதே வெள்ளைப் பூச்செடி. கல்லடைப்புக்கும் நீர்ச்சுருக்குக்கும் கஷாயம் வைப்பார்கள்.

இதோடு மூக்கிரட்டை, நீர்முள்ளி, மாவிலங்கப்பட்டை, வெள்ளரி விதை, வாழைத்தண்டு என்று பட்டியல் நீளும்.

வெள்ளைக்காரர்களும் எழுதி வைத்தார்கள்

இது வெறும் பாட்டி வைத்தியக் கதை இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வைட்லா எய்ன்ஸ்லி, தமிழ் வைத்தியர்கள் பயன்படுத்திய மருந்துகளைத் தொகுத்து 1813-ல் சென்னையில் புத்தகமாக வெளியிட்டார். 1826-ல் லண்டனில் அதை விரிவாக்கி இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். சிறுபீளை வேரை நீர்க்கடுப்புக்குக் கொடுப்பதும் அவர் குறிப்பில் இருக்கிறது. 1868-ல் வெளியான இந்திய மருந்து நூலான 'ஃபார்மகோபியா ஆஃப் இந்தியா'வில் யானை நெருஞ்சிலும் இடம்பெற்றது.

இதெல்லாம் வேலை செஞ்சதா?

எரிச்சலுக்கு ஓரளவு செஞ்சிருக்கும். காரணம் எளிது. கஷாயம், ஊறல் நீர், வெள்ளரி, வாழைத்தண்டுச் சாறு எல்லாத்திலும் பெரும்பகுதி தண்ணிதான். தண்ணி உள்ளே போனதும் சிறுநீர் நீர்த்து, எரிச்சல் குறையும். இன்னைக்கு டாக்டர்கள் சொல்வதும் இதுதான். ஒருமுறை கல் வந்தவர்கள் தினமும் குறைந்தது 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்கு நீர் குடிக்க வேண்டும் என்கிறார்கள்.

5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். அந்த நேரத்தில் குடித்த கஷாயத்துக்கு பேர் போய்ச் சேர்வதும் உண்டு. சிறுபீளை, மாவிலங்கம் போன்றவற்றை எலிகளுக்குக் கொடுத்த ஆய்வுகளில் கல் படிவது குறைந்திருக்கிறது. ஆனால் எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

எங்கே ஆபத்து?

இங்கேதான் பழைய வைத்தியர் பிரித்துப் பார்த்ததை நாம மறந்துடறோம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று, எரிச்சலுக்கும் அடைப்புக்கும் ஒரே கஷாயத்தைக் குடிக்கிறோம். வழி அடைபட்டிருக்கும்போது சிறுநீரைப் பெருக்கும் மருந்து குடித்தால், நிரம்பிய பையில் இன்னும் நீர் சேரும். வலி கூடும், அழுத்தம் சிறுநீரகத்தையே பாதிக்கும்.

கிருமித் தொற்றோடு கல்லும் அடைத்துக்கொண்டால் அது உயிருக்கே ஆபத்து. மருந்துக்கு அடங்காத கல்லை அறுத்து எடுக்கும் முறையை சுஸ்ருத சம்ஹிதையே விவரிக்கிறது. மூலிகைக்கும் எல்லை உண்டு என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம்.

'மூலிகைதானே, கெடுதல் பண்ணாது' என்ற நினைப்பும் தப்பு. ஆடுதீண்டாப்பாளை வகைச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தையே கெடுக்கும். 1990களில் பெல்ஜியத்தில், உடல் எடை குறைக்க இந்த அமிலம் கலந்த மூலிகை மாத்திரை சாப்பிட்ட பல பெண்களுக்கு சிறுநீரகம் செயலிழந்தது.

எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

* குளிர் காய்ச்சலோடு விலாவில் அல்லது முதுகுப் பக்கம் வலி
* சிறுநீரில் ரத்தம்
* பல மணி நேரம் சிறுநீரே போகாமல் அடிவயிறு உப்புவது
* வாந்தியோடு தாங்க முடியாத வலி

கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ஏற்கெனவே சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்கள் லேசான எரிச்சலுக்கே டாக்டரைப் பார்ப்பது நல்லது. மூலிகை மருந்துதான் வேணும் என்பவர்கள் அரசு மருத்துவமனையில் உள்ள சித்தா பிரிவுக்குப் போகலாம். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை அங்கே மறக்காமல் சொல்லணும்.

செஞ்சிக் கோட்டைக்குப் போறவங்களுக்கு வழி ரொம்ப சுலபம். வெயில் ஏறும் முன்பே மலை ஏறுங்க, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணி எடுத்துக்கோங்க. இறங்கியதும் நீர்மோரோ, நுங்கோ, வெள்ளரிப் பிஞ்சோ சாப்பிடுங்க. சிறுநீர் வெளிர் மஞ்சளுக்குத் திரும்பினால் உடம்புக்குத் தேவையான தண்ணி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் கழித்தும் எரிச்சல் நிற்கலைன்னா, கஷாயம் தேடாமல் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போங்க.