வலப்பக்க நெஞ்சு நோவு: எப்போது பொறுக்கலாம், எப்போது புறப்பட வேண்டும்

காணிக்குத் திரும்பிய முதல் மாதங்களில் உடம்பு நோகாதவர்கள் குறைவு. பல வருடங்களாகப் பற்றை மூடிக் கிடந்த வளவை வெட்டித் துப்பரவாக்க வேண்டும். தூர்ந்த கிணற்றை இறைக்க வேண்டும். சீமெந்துப் பைகளையும் கூரைத் தகரத்தையும் ஒழுங்கை முகப்பிலிருந்து தோளில் சுமந்து வர வேண்டும். இரவில் பாயில் சாயும்போது நெஞ்சின் வலப்பக்கம் பிடித்துக்கொள்கிறது. சித்தாலேப பூசி, வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் குடித்து, இரண்டு பனடோலும் போட்டுவிட்டுப் படுக்கிறீர்கள். யாராவது கேட்டால் "வாய்வு" என்கிறீர்கள். "இருதயம் இடப்பக்கம்தானே, இது வலப்பக்கம்" என்று ஆறுதலும் சொல்லிக்கொள்கிறீர்கள். மீள்குடியேறிய கிராமங்களுக்குப் போகும்போது நாம் அதிகம் கேட்கும் பதில் இதுதான்.

அந்த ஆறுதல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வலப்பக்க நோவுகளில் அநேகமானவை தசையிலும் விலா எலும்பிலும் இருந்து வருபவை. ஆனால் எல்லாமே அப்படி அல்ல. இருதயம் நெஞ்சின் நடுவில், சற்றே இடப்பக்கம் சாய்ந்து இருக்கிறது. அதிலிருந்து வரும் நோவு நடுநெஞ்சிலோ, இரு தோள்களிலோ, வலது கையிலோ, தாடையிலோ, மேல் வயிற்றிலோ தெரியலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், வயது போனவர்களுக்கும் சில வேளை நோவே பெரிதாக இருக்காது. வியர்வை, ஓங்காளம், மூச்சு வாங்குதல், காரணமில்லாத களைப்பு ஆகியவை மட்டும் இருக்கும். ஆகவே எந்தப் பக்கம் நோகிறது என்பதை விட, நோவோடு வேறு என்ன வருகிறது என்பதையே முதலில் பாருங்கள்.

தசையும் விலாவும்

தசை நோவை ஓரளவு நீங்களே அடையாளம் காணலாம். நோகும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியும். அழுத்தினால் கூடும். உடம்பைத் திருப்பும்போதும், கையைத் தூக்கும்போதும், இருமும்போதும் குத்தும். முதல் நாளோ அதற்கு முந்திய நாளோ மண்வெட்டி, அலவாங்கு பிடித்த ஞாபகமும் இருக்கும். இரண்டு மூன்று நாள் பாரம் தூக்காமல் இருந்தால் குறையத் தொடங்கும். ஒரு வாரம் கழிந்தும் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கூரையிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்த பின் வரும் நோவு வேறு. விலா எலும்பு வெடித்திருக்கலாம். அப்போது நம்மவர்கள் சாரத்தையோ துவாயையோ நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது வழக்கம். அப்படிக் கட்டாதீர்கள். மூச்சை முழுதாக இழுக்க முடியாமல் போனால் சளி தேங்கி நியூமோனியா வரும். நொந்தாலும் இடைக்கிடை ஆழமாக மூச்செடுங்கள். விழுந்தவருக்கு மூச்சு வாங்கினாலோ, சளியில் இரத்தம் வந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

யுத்தத்தில் பட்ட ஷெல் துண்டோடு வாழ்பவர்கள் நம்மிடையே பலர். நெஞ்சிலோ முதுகிலோ துண்டு இருப்பவர்களுக்குக் கடும் வேலையின் பின் பழைய காயத்தைச் சுற்றி நோவு வருவதுண்டு. அந்த இடம் சிவந்து வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ பொறுத்திருக்க வேண்டாம். உடம்பில் துண்டு இருப்பதை ஒவ்வொரு முறையும் வைத்தியருக்குச் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் இயந்திரம் பலமான காந்தத்தால் இயங்குவது. உள்ளே இருக்கும் உலோகத்தை அது அசைத்துவிடலாம்.

தோலில் ஒரு பக்கமாக, பட்டி கட்டியது போல எரிவும் குத்தும் வந்து, சில நாளில் அதே இடத்தில் கொப்புளங்கள் போட்டால் அது அக்கி. முன்பு கொப்புளிப்பான் வந்தவர்களின் உடம்பில் தங்கியிருந்த கிருமி மீண்டும் எழுவதால் வருகிறது. கொப்புளம் கண்ட மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் நல்ல பலன் தரும்.

நுரையீரல்

மூச்சை உள்ளே இழுக்கும்போது கத்தியால் குத்துவது போல நொந்து, அதோடு காய்ச்சலும் இருமலும் இருந்தால், நுரையீரலிலோ அதைச் சுற்றியுள்ள சவ்விலோ தொற்று இருக்கலாம். அன்றே காட்ட வேண்டிய நோவு இது.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, மெலிவு என்பனவும் சேர்ந்தால் காசநோய் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். முகாம்களில் நெருக்கமாக வாழ்ந்து வந்தவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருங்கள். மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமாக ஆறு மாதம் மருந்து எடுக்க வேண்டும். ஊரில் கதை வருமே என்று மறைப்பவர்கள் உண்டு. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலானோரிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றுவது நின்றுவிடும். மறைத்துவைத்தால் முதலில் தொற்றுவது வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான்.

இரண்டு நிலைமைகள் திடீரென்று வரும். ஒன்று, நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்து நெஞ்சறைக்குள் தேங்குவது. மெலிந்த உயரமான இளைஞர்களுக்கும், புகைப்பவர்களுக்கும், முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கும் இது வரலாம். மற்றையது, காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலில் போய் அடைப்பது. பிள்ளை பெற்ற தாய்மாரும், சத்திரசிகிச்சை செய்தவர்களும், கால் முறிந்து படுக்கையில் இருப்பவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்து, பின் நெஞ்சு நோவும் இளைப்பும் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

நெஞ்சு போலத் தெரியும் வயிறு

வலது விலாவுக்குக் கீழே ஈரலும் பித்தப்பையும் இருக்கின்றன. அவற்றின் நோவு நெஞ்சுக்கும் வலது தோளுக்கும் ஏறும். கொழுப்பான சாப்பாட்டின் பின் வந்து, சில மணி நேரம் இறுக்கிப் பிடித்து, வாந்தியோடு போனால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். கண் மஞ்சளானால் உடனே காட்ட வேண்டும்.

ஈரலில் சீழ்க்கட்டி வருவது யாழ்ப்பாணப் பக்கத்து வைத்தியர்களுக்கு நன்கு பழக்கமான நோய். பெரும்பாலும் கள்ளுக் குடிக்கும் ஆண்களிடம் கண்டிருக்கிறார்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவில் நோவு, சாப்பாட்டில் மனமின்மை இதன் அறிகுறிகள். கள்ளு குடித்து வந்த வயிற்று நோ என்று வீட்டில் ஏசிவிட்டு இருந்துவிடுவார்கள். ஏச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் ஆளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். காலத்தோடு போனால் மருந்தால் மாறும் நோய் இது. கட்டி வெடித்துவிட்டால் உயிராபத்து.

மாரி காலத்தில் டெங்குவையும் மறக்காதீர்கள். டெங்கு கடுமையாகும்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்து, பெரும்பாலும் வலப்பக்க நெஞ்சறையிலும் வயிற்றிலும் தேங்குகிறது. காய்ச்சல் விட்டது என்று நிம்மதி அடையும் நேரத்தில்தான் இது நடக்கிறது. காய்ச்சலின் மூன்றாம் நாளுக்குப் பின் வலது விலாவின் கீழ் நொந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே வைத்தியசாலை. காய்ச்சல் இருக்கும்போது பனடோல் தவிர வேறு எந்த நோவு மாத்திரையும் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

மனம் தரும் நோவு

ஒரு வெடிச்சத்தம், ஒரு மணம், பழைய வீட்டு அத்திவாரம் கண்ணில் படுவது. நெஞ்சு இறுகி, மூச்சு முட்டி, விரல் விறைத்து, செத்துவிடுவேன் என்று தோன்றி, அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடுகிறது. இது நடிப்பும் அல்ல, பைத்தியமும் அல்ல. வைத்தியசாலை உளநலப் பிரிவில் இதற்கு உதவி உண்டு. ஆனால் முதல் தடவை வரும்போது இது மனத்தால் வந்தது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். இருதயம் நன்றாக இருக்கிறது என்று ஈ.சி.ஜி. பார்த்து ஒரு வைத்தியர் சொல்லட்டும்.

உடனே புறப்பட வேண்டிய வேளை

நெஞ்சு பாரம் வைத்தது போல இறுகிப் பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், குளிர்ந்த வியர்வை வந்தால், மூச்சு எடுக்க முடியாமல் வசனத்தை இடையில் நிறுத்தினால், உதடு நீலமானால், இரத்தம் துப்பினால், மயங்கினால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றவும் வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம், தமிழிலும் பேசலாம். அம்புலன்ஸ் வரும்வரை நோயாளியைச் சாய்ந்தாற்போல் இருத்தி வையுங்கள், நடக்க விடாதீர்கள். வீட்டில் அஸ்பிரின் இருந்தால் கொடுக்கலாமா என்று அழைப்பில் இருப்பவரிடமே கேளுங்கள்.

புதிதாகக் குடியேறிய கிராமத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பல வளவுகளுக்கு இலக்கம் இல்லை, ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை. "எங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பதற்றத்தில் பதில் வராது. இன்றைக்கே யோசித்து வையுங்கள்: பிரதான வீதி எது, எந்தப் பாடசாலை அல்லது கோயில், அங்கிருந்து எத்தனையாவது மதகு. அதை ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், பிள்ளைகளும் வாசிக்கட்டும். இரவென்றால் ரோச் லைற்றோடு ஒருவரை வீதிக்கு அனுப்புங்கள்.

வைத்தியசாலையில் "நெஞ்சு நோ" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். எப்போது தொடங்கியது, எந்த வேலை செய்யும்போது, அழுத்தினால் கூடுகிறதா, மூச்செடுத்தால் கூடுகிறதா, காய்ச்சல் இருந்ததா, என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சீனிக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள் இடம் மாறியதால் கிளினிக்கைத் தவறவிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏச்சு விழும் என்று பயந்து பலர் சொல்வதில்லை. முந்திய மாவட்டத்துக் கொப்பி தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, கிட்டவுள்ள வைத்தியசாலையில் புதிய கொப்பி போட்டுத் தருவார்கள். அதன் முதல் பக்கத்தில் உங்கள் மருந்துகளையும், உடம்பில் துண்டு இருந்தால் அது எங்கே என்பதையும் எழுதுவித்து, காணி உறுதி வைத்திருக்கும் அதே பொலித்தீன் பைக்குள் வையுங்கள்.