இளைப்பு இருந்தால் நடையை நிறுத்த வேண்டுமா?

தூசி ஒவ்வாமையால் இளைப்புக்கு உள்ளானோர் நடைப்பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. நேரத்தையும் இடத்தையும் மாற்றினால் போதும் என்பதே எங்கள் அறிவுரை. மார்கழி, தை விடியலில் குளிர்ந்த காற்று ஆலைப் புகையையும் போகிப் புகையையும் தரையோடு தேக்கிவைக்கும். வெயில் ஏறியபின்பே அது கலையும். ஆகவே அம்மாதங்களில் விடியலைத் தவிர்த்து மாலையில் நடப்பது நன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலைகளையும் தேசிய நெடுஞ்சாலை 16-ஐயும் விடுத்து, லாரிகள் செல்லாத தெருக்களில் நடங்கள். முதல் 10 நிமிடம் மெதுவாக நடந்து, பின் வேகம் கூட்டுங்கள். மருத்துவர் தந்த தடுப்பு இன்ஹேலரை இளைப்பில்லாத நாளிலும் நிறுத்தலாகாது. நிவாரண இன்ஹேலர் எப்போதும் கையோடு இருக்கட்டும். நெஞ்சு இறுகினால் நின்று அதைப் பயன்படுத்துங்கள். குறையாவிடில் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பு உங்களுக்கும் உரியதே.