உங்களுக்குத் தெரியுமா? உங்கள் வளவுச் சிரட்டைக்கும் சட்டம் உண்டு!

கல்முனையில் வீடு இருக்கிறதா? கடை இருக்கிறதா? கூரை, கான், கிணறு, சிரட்டை எல்லாவற்றையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். சட்டம் எப்போதோ எண்ணி முடித்துவிட்டது!

● தேங்காய்ச் சிரட்டை நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே ஏறியிருக்கிறது! 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். ரின், போத்தல், பழைய டயர், கூடவே நம்ம சிரட்டை! அகற்றாமல் விட்டால் 25,000 ரூபாய் வரை தண்டம். 6 மாதம் வரை சிறையும் கிடைக்கலாம்!

● தண்ணீரை ஊற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறீர்களா? போதாது! டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தின் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்த்துக் கழுவினால்தான் போகும்!

● 2017இல் நாடு முழுவதும் டெங்கு சந்தேகத்தில் பதிவானவர்கள் எத்தனை பேர்? 1 இலட்சத்து 86 ஆயிரத்து 101 பேர்! 2012 கணக்கெடுப்பில் கல்முனை மாநகரத்தின் மொத்தச் சனமே சுமார் 1 இலட்சம்தான்!

● அசுத்தமான வளவும் நாறும் கானும் குற்றம் என்று சொல்லும் தொல்லைகள் கட்டளைச் சட்டம் பிறந்த வருஷம் 1862. எடிசனின் மின்குமிழ் எரிவதற்கு 17 வருஷம் முன்பு!

● கொழும்பில் பிளேக் நோய் புகுந்தது 1914இல். மறுவருஷமே வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி, புது வீட்டைக் கட்டி முடித்தாலும் உள்ளூராட்சிச் சபையின் சான்றிதழ் வரும்வரை உள்ளே தங்க ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. காவல்காரருக்கு!

● வெளிச்சத்துக்கும் கோணம் வைத்திருக்கிறார்கள்! கட்டட ஒழுங்குவிதியில் வரும் அந்தக் கோணம் 63½ பாகை. கணக்குப் போட்டுப் பார்த்தால், 10 அடி இடைவெளி விட்டால் கட்டடம் சுமார் 20 அடி உயரலாம். கிட்டத்தட்ட இரட்டிப்பு!

● பக்கத்து வளவு மரம் உங்கள் கூரை மேல் விழப் பார்க்கிறதா? இடியப்போகும் சுவர் தெருவைப் பார்த்துச் சாய்கிறதா? நீதவானே அகற்றச் சொல்லிக் கட்டளையிடலாம். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், பிரிவு 98!

● முழு வருஷச் சோலைவரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு! கட்டாமலே இழுத்தடித்தால்? வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்து விற்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு!

● அம்பாறைக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். உம்மாவின் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். தமிழர், முஸ்லிம் இரு சமூகத்திலும் இதே வழக்கம். இந்தக் கரையில் வீட்டுக்கு எஜமானி பெண்!

● சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் கட்டத் தடை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். நம்ம கிழக்கில் 200! கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் ஊர்களுக்கு இரட்டிப்புத் தூரம்!

● வீடு இருந்தும் ஆள் வரவில்லை! சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழுந்தவை 500 வீடுகள். யாருக்கு வீடு என்பதில் வழக்கு, தீர்ப்பு, காத்திருப்பு. ஒருவரும் குடிபுகாமல் பத்து வருஷத்துக்கு மேல் போய், முற்றமெல்லாம் காடு ஏறிவிட்டது!

● மருதமுனையில் ஆட்டோக்காரரிடம் “65 மீற்றர்” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கேள்வி கேட்காமல் கொண்டுபோய் விடுவார்! கடலோரத்தில் வீட்டை இழந்தவர்களுக்கான சுனாமி வீட்டுத்திட்டம் அது. 200 மீற்றர் தடை பின்னர் தளர்ந்தபோது கடற்கரையில் இருந்து சட்டம் அளந்த தூரம், மனிதர்கள் குடியிருக்கும் இடத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது!